நங்கூர விளக்கு எரிகிறது, ஆனாலும் போட் மோத வருகிறதா?

இரவில் நங்கூரம் போட்டு நிற்கும் சிறிய படகு காட்ட வேண்டியது ஒரே ஒரு வெள்ளை விளக்கு. சுற்றிவர எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது தெரிய வேண்டும். மின்னக்கூடாது. பொழுது பட்டதிலிருந்து விடியும்வரை எரிய வேண்டும். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் 50 மீற்றருக்குக் குறைந்த எந்தப் படகுக்கும் இந்த ஒற்றை விளக்கு போதும் என்கின்றன. எங்கள் அளவுப் படகென்றால் வெளிச்சம் 2 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர் தூரத்துக்குத் தெரிய வேண்டும்.

7 மீற்றருக்குக் குறைந்த படகுக்கு ஒரு சலுகையும் உண்டு. ஒடுங்கிய வாய்க்கால், போக்குவரத்துப் பாதை, நங்கூரத் தரிப்பிடம், மற்றப் படகுகள் வழமையாக ஓடும் இடம் இவற்றிலோ இவற்றுக்குக் கிட்டவோ இல்லையென்றால் அதற்கு விளக்குக் கட்டாயமில்லை. எங்கள் ஆட்கள் ‘7 மீற்றர், கட்டாயமில்லை’ என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் இருப்பதை விட்டுவிடுவார்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறைக்கு முன்னால் போட் ஓடாத இடம் எது? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகு ஓடுகிறது. குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் போய் வருகின்றன. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் நங்கூரம் போடக்கூடிய ஆழம் இருக்கிற இடமெல்லாம் யாரோ ஒருவருடைய வழிதான். ஆகவே சலுகையை மறந்துவிடுங்கள்.

கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதற்கு நேரே போகலாம். முதலாவதை மட்டும் எல்லோரும் வாசியுங்கள். ‘லைற் பழுது’ என்று சொல்லப்படுவதில் கனக்க பழுதே இல்லை. கட்டிய உயரம்தான் பிழை.

விளக்கு நன்றாக எரிகிறது, ஆனாலும் போட்டுகள் கிட்ட வந்த பிறகுதான் வெட்டி விலகுகின்றன

விளக்குப் பாய்மரத்தின் உச்சியில் இருக்கிறதா? அப்படியென்றால் காரணம் அதுதான்.

இப்படி நூலிழையில் தப்பிய ஒரு பாய்ப்படகின் சொந்தக்காரர் மறுநாள் குருநகர்க் கரையில் அந்தப் போட்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“லைற் எரிஞ்சதுதானே அண்ணை, காணேல்லையோ?”

“கண்டனான் தம்பி. வெள்ளி எண்டு நினைச்சன். அண்ணாந்து பாத்துக்கொண்டோ போட் ஓட்டுறது?”

போட்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் போட்டின் பின்பக்கத்தில் இருந்து எஞ்சினைப் பிடித்திருப்பவரின் கண், தண்ணீரிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும். அவர் தேடுவது மீன் பிடிக்க நட்ட களங்கட்டித் தடிகளையும் வலை மிதவைகளையும். அவை எல்லாம் நீர்மட்டத்தில் இருப்பவை. பார்வையும் அங்கேயே நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விளக்கு நீரிலிருந்து 9 மீற்றர் உயரத்தில். போட் 30 மீற்றரில் வருகிறது. அவர் கண்ணுக்கு விளக்கு 14 பாகை மேலே. 15 மீற்றரில் அது ஏறத்தாழ 27 பாகை ஆகிவிடும். கடல் விளக்குகள் வெளிச்சத்தை அடிவானத்தை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையாகத்தான் வீசும். விதியும் முழு வெளிச்சத்தைக் கிடைமட்டத்துக்கு மேலே 5 பாகை, கீழே 5 பாகைக்குள்தான் கேட்கிறது. பட்டையை விட்டு வெளியே வர வர வெளிச்சம் விழுந்துவிடும். ஆக, இரண்டு மைலுக்கு அப்பால் அருமையாகத் தெரிந்த விளக்கு, தேவைப்படுகிற கடைசி 50 மீற்றரில் காணாமல் போகிறது. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வருகிற போட் 30 மீற்றரை நான்கு செக்கனில் முடித்துவிடும்.

அதே விளக்கை நீரிலிருந்து இரண்டரை மீற்றரில் கட்டுங்கள். 15 மீற்றர் கிட்டத்தில்கூட அது அவர் கண்ணுக்கு நான்கு பாகைதான் மேலே. நேர்ப் பார்வையில் குத்தும். அதோடு வெளிச்சம் படகின் முன்பக்கமான அணியத்திலும் மேல்தளத்திலும் சுற்றியிருக்கிற தண்ணீரிலும் விழும். தனியாகத் தொங்கும் புள்ளி தூரம் சொல்லாது. கீழே ஒரு படகின் உடல் தெரிந்தால்தான் ‘இது கிட்ட நிற்கிறது’ என்று மூளைக்கு ஏறும்.

“கீழே இறக்கினால் தூரத்துக்குத் தெரியாதே” என்று உடனே ஒரு கேள்வி வரும். தெரியும். இரண்டரை மீற்றர் உயர விளக்கும் ஒன்றரை மீற்றர் உயரக் கண்ணும் என்றால், பூமியின் வளைவு மறைக்கத் தொடங்குவது ஐந்தரைக் கடல் மைலுக்கு அப்பால்தான். 2 மைல் வெளிச்சத்துக்கு அது தாராளம். நங்கூர விளக்கை எட்டாத உயரத்தில் ஏற்றத் தேவையில்லை என்று விதியின் இணைப்பிலேயே எழுதியிருக்கிறது. ‘மிக நன்றாகத் தெரியும் இடத்தில்’ என்பதுதான் கேட்கப்படுவது. பெரிய கப்பல்கள் வந்து போகும் துறைமுகத்தில் உச்சி விளக்குச் சரியாக இருக்கலாம். எங்கள் கடல்நீரேரியில் உங்களை மோதக்கூடியது கப்பல் அல்ல.

இறக்கிய பிறகும் பிரச்சினை தொடர்ந்தால் பின்னணியைப் பாருங்கள். யாழ்ப்பாண நகரத்து விளக்குகளுக்கு முன்னால் நிற்கிற படகின் ஒற்றை வெள்ளைப் புள்ளியைக் கடல் பக்கமிருந்து வருபவர் பிரித்தறிவது கஷ்டம். அப்படியான இடத்தில் தளத்தைக் காட்டும் இன்னொரு சின்ன விளக்கை இருக்கைப் பகுதியில் போடுங்கள். நங்கூரத்தில் நிற்கும் படகு தன் தளத்தை வெளிச்சமாக்க விதி இடம் கொடுக்கிறது. தோட்டத்துச் சோலர் விளக்குக்கு நான் கொடுக்கிற ஒரே வேலையும் இதுதான்.

கடைசியாக, இரவு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுகள் உரசிக்கொண்டு போனால் விளக்கில் பிழை இல்லை. வாய்க்காலுக்குள் நங்கூரம் போட்டிருக்கிறீர்கள். நங்கூரத்தைத் தூக்குங்கள்.

பெட்டியில் ‘2 மைல்’ என்று இருக்கிறது, அரை மைலிலேயே தெரியவில்லை

2 மைலுக்கு வேண்டிய ஒளிச்செறிவு 4.3 கண்டெலா. வெறும் பல்ப் எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் விடுகிறது என்று வைத்தால், அதற்கு 54 லூமன் அளவு தேவை. வரி வரியான வில்லைக் கண்ணாடி உள்ள கடல் விளக்கு மேலும் கீழும் போகும் வெளிச்சத்தை மடக்கி அடிவானத்துக்கு அனுப்புவதால் இதைவிடக் குறைவான பல்ப்போடேயே சமாளிக்கும். 2 வாற் எல்.ஈ.டி ஒழுங்கானதாக இருந்தால் தாராளமாகப் போதும்.

ஏமாற்றுவது இந்த மூன்றும்தான். முதலாவது, தோட்டத்துச் சோலர் விளக்கு. ஒரு சில லூமன்தான்; அதுவும் விடியுமுன் மங்கிவிடும். இரண்டாவது, உதிரிப்பாகக் கடையில் வாங்கும் லொறிப் பக்க விளக்கு. 12 வோல்ற், தண்ணீர் புகாது, மலிவு, எல்லாம் உண்மை. ஆனால் அது ஒரு பக்கத்துக்கு மட்டும் அடிக்கும். நேரே நின்று பார்த்து ‘நல்ல வெளிச்சம்’ என்று சொல்வீர்கள். பின்னால் வருகிறவருக்கு இருட்டு. மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. பழைய கடல் விளக்கில் இழை பல்ப்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி பல்ப் போடுகிறோம். வில்லைக் கண்ணாடி அந்தப் பழைய இழை இருந்த உயரத்தை நடுவாக வைத்துச் செய்யப்பட்டது. எல்.ஈ.டியின் ஒளிரும் பகுதி அதைவிட மேலேயோ கீழேயோ இருந்தால், முழுப் பட்டையும் ஒன்றில் வானத்துக்கு அல்லது பக்கத்துத் தண்ணீருக்குப் போய்விடும். இரவில் கரையில் ஒரு சுவருக்கு முன்னால், பத்து அடி தள்ளி விளக்கை நிறுத்திப் பாருங்கள். பிரகாசமான பட்டை விளக்கின் அதே உயரத்தில் சுவரில் விழ வேண்டும். இல்லையென்றால் ஒளிரும் பகுதி பழைய இழையின் உயரத்துக்கு வரும் வேறு பல்ப் தேடுங்கள்.

நிறத்தில் விளையாட வேண்டாம். மின்னும் விளக்கும் வேண்டாம். வலை மிதவைகளில் மின்னும் விளக்குக் கட்டும் பழக்கம் இருப்பதால், மின்னுகிறது என்றாலே வலை என்று நினைத்து அதன் ஓரமாகச் சுற்றிப் போவார்கள். உங்கள் படகு அந்த ஓரத்தில்தான் நிற்கும்.

நடுச்சாமத்துக்குப் பிறகு அணைந்துவிடுகிறது

பற்றரியைப் பழிப்பதற்கு முன் பென்சிலை எடுங்கள். பழைய 10 வாற் இழை பல்ப் 12 வோல்ற்றில் 0.83 அம்பியர் குடிக்கும். எங்கள் அகலக்கோட்டில் இரவு வருடம் முழுக்க ஏறத்தாழ 12 மணித்தியாலம்தான், கோடை மாரி என்று பெரிய வித்தியாசம் இல்லை. ஆக ஓர் இரவுக்கு 10 அம்பியர் மணி. சின்னப் படகுகளில் வைத்திருப்பது பெரும்பாலும் யூ.பி.எஸ் பெட்டிக்குள் வரும் 7 அம்பியர் மணிப் பற்றரி. அதில் பாதியை மட்டும் எடுத்தால்தான் அது நாள்படும். மூன்றரையை வைத்துக்கொண்டு பத்தைச் செலவழிக்க முடியாது. ஒரு மணி தாண்டும்போது விளக்குச் சிவந்து அணைந்தால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

2 வாற் எல்.ஈ.டி 0.17 அம்பியர்தான். இரவுக்கு 2 அம்பியர் மணி. அதே பற்றரி சிரமமில்லாமல் தாங்கும். அதைப் பகலில் நிரப்ப 10 வாற் சோலர் தகடு வெயில் நாளில் சரிக்குச் சரி. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு மழை மூடினால் அது காணாது. 20 வாற் தகடு போடுங்கள், விலையில் பெரிய வேறுபாடு வராது.

எல்.ஈ.டி போட்டும் அணைகிறதென்றால் பற்றரியை இப்படிப் பாருங்கள். மின்னேற்றம் முடிந்து சில மணித்தியாலம் சும்மா விட்ட பிறகு, எதுவும் எரியாதபோது மல்ரிமீற்றரில் 12.7 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. காலையில் விளக்கை அணைத்துச் சிறிது பொறுத்துப் பார்க்கும்போது 12.2க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். மாலை 12.7, காலை 11.8 என்று வந்தால், 2 வாற் விளக்கு இதைச் செய்திருக்க முடியாது. பற்றரி முடிந்துவிட்டது, அல்லது வேறேதோ ஒன்று கள்ளமாகக் குடிக்கிறது. தொலைபேசி சார்ஜ் பண்ணும் முனையை முதலில் கழற்றிப் பாருங்கள்.

வெளிச்ச உணரி உள்ள விளக்கு இரவில் விட்டுவிட்டு அணைந்தால் அது வேறு கதை. உங்கள் ரோச் வெளிச்சமோ, தளத்தில் போட்ட மற்ற விளக்கோ உணரியில் பட்டு ‘விடிந்துவிட்டது’ என்று அதை ஏமாற்றுகிறது. உணரிக்கு ஒரு மறைப்பு வையுங்கள், அல்லது சுவிச்சை நம்புங்கள். நான் சுவிச்காரன்.

மங்கலாக எரிகிறது

துணியைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியைத் துடையுங்கள். நல்ல தண்ணீரில். சோளகக் காற்று நாட்களில் ஓர் இரவில் படிகிற உப்பு அவ்வளவு வெளிச்சத்தைத் தின்னும். உச்சியில் விளக்கு வைத்திருப்பவர்களுக்கு நீர்க்காகத்தின் உபயமும் உண்டு. அந்தப் பறவைக்குப் பாய்மர உச்சியைப் போல் பிடித்த இடம் கிடையாது, அதன் எச்சம் காய்ந்தால் சுண்ணாம்புப் பூச்சுத்தான். ஏறித் துடைக்க முடியாத விளக்கை வைத்திருக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம் இது. பிளாஸ்டிக் வில்லை வெயிலில் மஞ்சளாகி நுண்ணிய வெடிப்பு விட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

கண்ணாடி சுத்தம், ஆனாலும் மங்கல் என்றால் வயர். இழை பல்ப் வோல்ற் குறைவைப் பொறுக்காது: பத்து வீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ 30 வீதம் போய்விடும். மெல்லிய வயரை உச்சிவரை இழுத்திருந்தால் அது நடக்கும். எல்.ஈ.டி விளக்கில் ஓட்டம் மிகச் சின்னது என்பதால் வயரின் நீளமே அதை மங்கலாக்குவது அரிது. எல்.ஈ.டி மங்கினால் எங்கேயோ ஒரு மூட்டு உப்பில் அரித்துவிட்டது என்றுதான் அர்த்தம். அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

எரியவே இல்லை

எல்.ஈ.டி பல்ப்பைப் புதிதாகப் போட்ட கையோடு எரியாவிட்டால் அதைக் கழற்றி அரைச் சுற்றுத் திருப்பிப் போடுங்கள். இரண்டு புள்ளி உள்ள கொளுவிப் பல்ப் இரண்டு விதமாகவும் உள்ளே போகும். இழை பல்ப்புக்கு அது பொருட்டில்லை. சில எல்.ஈ.டிக்கு நேர் எதிர் மாறினால் ஓட்டமே இல்லை.

நேற்றுவரை எரிந்தது இன்று எரியவில்லை என்றால், எல்லோரும் செய்வது மல்ரிமீற்றரை விளக்குமுனையில் வைப்பது. 12.5 வோல்ற் காட்டும். “வயரில் கரண்ட் இருக்கு, லைற்தான் போச்சு” என்று முடிவு கட்டி, புதிது வாங்கிப் பூட்டி, அதுவும் எரியாமல் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். மல்ரிமீற்றர் பொய் சொல்லவில்லை. அது தன் வேலைக்குத் துளி ஓட்டம்தான் எடுக்கும். பத்து இழையில் ஒன்பது அறுந்து, மிச்சம் ஒன்றும் பச்சைக் களிம்புக்குள் முழுகியிருந்தாலும் அந்தத் துளி ஓட்டம் கடந்து வந்துவிடும். விளக்கைத் தொடுத்ததும் முழு வோல்ற்றும் அந்தக் களிம்பிலேயே விழுந்துவிடும்.

ஆகவே சுமையோடு சோதியுங்கள். மோட்டார் சைக்கிள் சிக்னல் பல்ப், 12 வோல்ற் 10 வாற், அதன் பிடியோடு ஒன்று வாங்குங்கள். இரண்டு வயரும் இரண்டு முதலைக் கிளிப்பும் பூட்டினால் சோதனை விளக்குத் தயார். இதை விளக்கின் முனையில் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது, விளக்குத்தான் பழுது. எரியாவிட்டால், அல்லது சிவப்பாக மினுங்கினால், சோதனை விளக்கை அப்படியே தொடுத்து விட்டுவிட்டுப் பற்றரியிலிருந்து நடக்கத் தொடங்குங்கள்.

இனி மல்ரிமீற்றருக்கு வேலை. ஒவ்வொரு மூட்டுக்கும் குறுக்கே, உள்ளே போகும் பக்கத்தில் ஒரு முள், வெளியே வரும் பக்கத்தில் ஒரு முள் வையுங்கள். பற்றரி முனைக்கும் அதில் பூட்டிய வளையத்துக்கும் இடையில். பியூஸ் பிடியின் இரண்டு பக்கம். சுவிச்சின் இரண்டு பக்கம். தளத்துப் பிளக்கின் இரண்டு பக்கம். நல்ல மூட்டு 0.1 வோல்ற்றுக்குக் கீழே காட்டும். எங்கே 2, 5, 11 என்று ஏறுகிறதோ அதுதான் கள்ளன். எதிர்முனை வயரையும் இதேபோல முழுக்கத் தொடர வேண்டும். பலர் நேர்முனையை மட்டும் பார்த்துவிட்டுக் கைவிடுவார்கள்.

என் அனுபவத்தில் முதலில் பிடிபடுவது தளத்துப் பிளக். மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் தேங்கும் இடத்தில் அதைப் பூட்டியிருப்பார்கள். திறந்தால் ஊசிகளில் நீலப் பச்சையாகப் பொடி இருக்கும். சுரண்டினால் உள்ளே பித்தளை சிவந்து குழி விழுந்திருக்கும். சுரண்டிக் கொஞ்சக் காலம் ஓட்டலாம், அவ்வளவுதான். புதிதாகப் பூட்டும்போது ஊசிகளில் சிலிக்கன் கிறீஸ் பூசி, வயர் பிளக்கை விட்டுக் கீழே வளைந்து தொங்கிப் பிறகு மேலே ஏறுவது போல வையுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

வயரை வெட்டிப் பார்க்கும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால் இன்னும் ஒரு சாண் வெட்டுங்கள். வீட்டுக்குப் போடும் வயரில் உப்பு நீர் உறைக்குள்ளால் ஊறி நெடுகப் போகும். ஈயம் பூசிய செம்பிழை வயர் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு வெட்டு முனையையும் பசை உள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். கறுப்பு ரேப் வெயிலில் ஒரு பருவம்கூட நிற்காது, பசை உருகி வழிந்து தூசியைத்தான் பிடிக்கும்.

அலுமினியப் பாய்மரத்தையே எதிர்முனை வயராகப் பாவித்து ஒற்றை வயர் ஓட்டியிருக்கிற படகுகளும் உண்டு. மரத்தின் அடியில், திருகாணிகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள். உடனே இரண்டாவது வயர் இழுங்கள். விளக்கு எரிகிறதோ இல்லையோ, அது பாய்மரத்தைத் தின்கிறது.

காற்றுக்கு ஆடுகிறது, மரத்தில் அடிபடுகிறது, வயர் அறுகிறது

ஒரு கயிற்றில் தொங்கவிட்ட விளக்கு அமைதியான இரவுக்கு மட்டும். வாடை எழும்பினால் நங்கூரத்தில் நிற்கும் படகு இரண்டு பக்கமும் அலைந்துகொண்டே இருக்கும், விளக்கும் அதோடு ஊஞ்சலாடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மின்னுவது போலத் தெரியும்.

பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கிற கம்பிதான் விளக்குக்கு நல்ல இடம். மேலே ஒரு கயிறு: முன்பாயை ஏற்றுகிற கயிற்றின் முனையை விளக்கின் மேல் கொக்கியில் கட்டுங்கள். நடுவில் இரண்டு குறுகிய கயிற்றுத் துண்டு, விளக்கின் மேல்முனையையும் கீழ்முனையையும் முன்கம்பியோடு வளையமாகப் பிடிக்க. வழுக்கி ஏறி இறங்கும் அளவுக்குத் தளர்வாக. கீழே ஒரு கயிறு: விளக்கின் அடியிலிருந்து அணியத்துக் கட்டைக்கு. மேற்கயிற்றால் இழுத்து நீரிலிருந்து இரண்டரை மீற்றருக்கு ஏற்றிவிட்டு, கீழ்க்கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். விறைப்பாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் முழுவதும் சேர்ந்து அதிர வேண்டும், விளக்கு மட்டும் ஆடக்கூடாது.

வயரைக் கீழ்க்கயிற்றோடு சேர்த்துச் சாணுக்கொரு கட்டுப் போட்டுக் கொண்டு வாருங்கள். வயர் கயிற்றைவிட ஒரு கை நீளமாக, தளர்ந்திருக்க வேண்டும். இழுவையைக் கயிறு வாங்கட்டும். வயர் விளக்குக்குள் நுழைகிற இடத்தில் அறுந்தால், அது இழுவையை வயர் வாங்கியதற்கான அடையாளம்.

மரத்துக்கு மிகக் கிட்டக் கட்டினால் மரத்தின் நிழல் ஒரு பக்கத்தை மறைக்கும். 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரத்திலிருந்து 30 சென்ரிமீற்றரில் விளக்கு இருந்தால் மறைவு ஏறத்தாழ 15 பாகை. 80 சென்ரிமீற்றருக்குத் தள்ளினால் 6 பாகைக்கு வந்துவிடும். அவ்வளவு போதும். அணியம் காற்றுக்கு நேரே நிற்பதால் நிழல் பின்பக்கம்தான் விழும், ஆகவே பின்னாலிருந்து வருகிறவருக்காகத்தான் இந்தக் கவலை. மழைக்காகப் பின்பக்கத்தில் படங்கு கட்டித் தூங்குகிறவர்கள் அதையும் கணக்கில் எடுங்கள். படங்கின் முகடு விளக்கைவிட உயரமென்றால் பின்னால் ஒரு பெரிய இருட்டு மூலை உருவாகிவிட்டது. ஒரு சுற்று நீந்தியோ தெப்பத்திலோ போய்ப் பார்த்துவிடுங்கள். எங்கள் கடல்நீரேரியில் பல இடத்தில் நடந்தே சுற்றலாம்.

முன்கம்பி இல்லாத பாய் வள்ளம் என்றால் மூங்கில் தடியோ ஒன்றரை அங்குல பி.வி.சி குழாயோ போதும். பின்பக்கத்தில் இரண்டு இடத்தில் இறுகக் கட்டி, உச்சியில் விளக்கைப் பூட்டி, வயரைக் குழாய்க்குள்ளால் விடுங்கள். குழாயின் மேல்முனையை மூட மறக்க வேண்டாம்.

விளக்குப் போட்டதும் வானொலியில் இரைச்சல்

எல்.ஈ.டி விளக்குக்குள் வோல்ற்றை மாற்றுகிற சின்னச் சுற்று ஒன்று இருக்கும். மலிவாகச் செய்தால் அது ஒலிபரப்பத் தொடங்கிவிடும். அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2018இல் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை விட்டது: எல்.ஈ.டி விளக்குகள் படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எவ் வானொலியையும், கப்பல்களை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ் கருவியையும் குழப்புகின்றன என்று.

சோதனை இலகு. எல்லா விளக்கையும் அணையுங்கள். வானொலியை யாரும் பேசாத ஓர் அலைவரிசையில் வைத்து, இரைச்சல் தடுப்பியை மெல்லத் திருகி இரைச்சல் நிற்கும் இடத்தில் சரியாக நிறுத்துங்கள். இப்போது நங்கூர விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் விளக்குத்தான் காரணம். அதையும் அன்ரனாவையும் தள்ளி வைத்துப் பாருங்கள். வயரில் இரைச்சலை அடக்கும் பெரைற் வளையம் போட்டுப் பாருங்கள். குறையாவிட்டால் விளக்கை மாற்றுங்கள். பாய்மர உச்சியில் அன்ரனாவுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும். கீழே கட்டியவர்களுக்கு அரிது.

உங்களுக்கே கண் கூசுகிறது

விளக்கைக் கீழே இறக்கியதற்கு நாம் கொடுக்கும் விலை இது. மேல்தளத்துக்கு வந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. விளக்கின் அடியில், வில்லைக்குக் கீழே, ஒரு தட்டையான கறுப்புத் தகடு பூட்டுங்கள். சீனியோ பாலோ வந்த தகர மூடிக்குக் கறுப்புப் பூசினாலும் சரி. அடிவானத்துக்குப் போகும் பட்டையைத் தொடாத அளவுக்குச் சின்னதாக வெட்டுங்கள். தகட்டை மாட்டிய பிறகு, அணியத்தில் விழும் வெளிச்சம் முழுக்க நின்றுபோகவில்லை என்று பாருங்கள்.

மழை பெய்தால் பியூஸ் போகிறது

தண்ணீர் இரண்டு வயரையும் சேர்க்கும் ஓர் இடம் இருக்கிறது. விளக்குப் பக்கப் பிளக்கைக் கழற்றிவிட்டு பியூஸ் போட்டுப் பாருங்கள். அப்போது நின்றால் பிழை பிளக்குக்கு மேலே, விளக்கிலோ அதன் வயரிலோ. அப்போதும் போனால் தளத்துக்குக் கீழே. விளக்குக்குள் தண்ணீர் நிற்கிறதென்றால் அடியில் ஒரு சின்ன வடிகால் ஓட்டை இருக்கிறதா, அதைச் சிலிக்கன் பூசி யாரும் அடைத்துவிட்டார்களா என்று பாருங்கள். ‘தண்ணீர் போகக்கூடாது’ என்று அடைத்தால், போன தண்ணீர் வரவும் முடியாது.

பெரிய பியூஸ் போட்டுத் தப்ப நினைக்காதீர்கள். பியூஸ் விளக்குக்கானது அல்ல, வயர் எரியாமல் இருப்பதற்கானது. பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் அதைப் பூட்டுங்கள். 2 வாற் விளக்குக்கு 2 அம்பியர் பியூஸ் தாராளம். உதிரியாக இரண்டைப் பியூஸ் பிடியோடேயே ஒட்டி வையுங்கள்.